கத்தரிச் செடி வாடிய மத்தியானம்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தைந்து. இதைச் சொன்னால் பாளையங்கோட்டையில் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஜெபராணி ஒரு செடித் தொட்டியைத் தூக்குவதை அவர்கள் பார்த்ததில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்திருந்தாள் அவள். தொட்டியை இரண்டு கையாலும் ஒரு விரற்கடை உயரம் தூக்குவாள். "இதுக்கு நாளைக்கு ஊத்தினா போதும்" என்று கீழே வைப்பாள். மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இலையைப் பார்ப்பதில்லை. அவள் சொல்லித் தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

சீடரின் பெயர் திருவேங்கடம். பொதுப்பணித் துறையில் கால்வாய்களைக் கவனித்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். கடைசி வயல் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று அந்தக் கால்வாய்ப் பக்கத்து ஊர்களிலிருந்து இன்றைக்கும் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வருகிறது. அப்பேர்ப்பட்ட மனிதர், மொட்டை மாடியில் முதன்முதலாக வைத்த செடிகளையெல்லாம் தண்ணீர் ஊற்றியே கொன்றார். அதற்குப் பிறகுதான் ஜெபராணியிடம் போய்ச் சேர்ந்தார். இப்போது மாடியில் நாற்பது தொட்டிகள் செழிப்பாக நிற்கின்றன.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அவளை வீட்டுக்கு வரச் சொன்னார். மாடிக்கு அழைத்துப் போனார். அவர் கையில் சுருட்டிய தாள்கள் இருந்தன.

"புனேயில மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். வீட்டுக்காரி முன்னாடியே போயிட்டா. என்னையும் வரச் சொல்லி மக தினம் போன் போடுதா. போனா திரும்ப நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் செடிக்குத் தண்ணி? எந்த முறை நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்மா."

"நீங்க என்ன யோசிச்சு வச்சிருக்கீங்க சார்?"

முதல் தாளை விரித்தார். சொட்டு நீர்ப் பாசனம். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குட்டிக் குழாய், தொட்டியின் அளவுக்குத் தகுந்த மாதிரி ஓட்டை, காலையில் தானாகத் திறந்து மூடும் கருவி. ஒரு கோடு கூடக் கோணல் இல்லை.

ஜெபராணி வெகுநேரம் பார்த்தாள். "எவ்வளவு லட்சணமா போட்டிருக்கீங்க சார். எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் இப்படி வராது."

"லட்சணமா இருந்து என்ன செய்ய? நம்ம போர் தண்ணி உப்பு. பத்து நாள்ல ஓட்டை அடைச்சிக்கிடும்."

இரண்டாவது தாள், தெளிப்பான். அதையும் அவரே தள்ளினார்.

"ஆனிக் காத்து அடிச்சா தண்ணி பூரா பக்கத்து வீட்டு வத்தல் மேலதான் விழும்."

மூன்றாவது தாள், தொட்டி மண்ணுக்குள் சின்னக் கலயத்தைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைப்பது. அது மெல்லக் கசிந்து வேருக்குப் போகும்.

"இது நல்லா இருக்கே சார்."

"கலயத்தை நிரப்ப ஆள் வேணும்லா?"

"நான் வந்து நிரப்புதேன்."

"உங்களுக்கு நர்சரி வேலையே தலைக்கு மேல கெடக்கு."

ஜெபராணி தாள்களை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்களுக்குப் போக மனசு இருக்கா, இல்லையா?"

அவர் தாள்களைத் திரும்பவும் சுருட்டினார். சுருட்டி முடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

"அங்க போய் நான் என்னம்மா செய்ய? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கு. பிள்ளையைக் குளிப்பாட்ட அவ அம்மா இருக்கா. 'நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா, பக்கத்துல இருந்தா போதும்'ங்கா. ஒண்ணும் செய்யாம நாப்பது நாள் ஒரு மனுஷன் எப்படி இருப்பான்? நேத்து போன்ல அழுதா. வேற டாக்டரைப் பாப்போமா, வேற ஆஸ்பத்திரி பாப்போமா, லேகியம் அனுப்பட்டான்னு கேட்டேன். போனை வச்சிட்டா."

முகத்தை மறைக்கத்தானோ என்னவோ, மாடியின் மேற்கு ஓரத்துக்குத் திரும்பினார். அங்கே ஒரு கத்தரிச் செடி இலையெல்லாம் துவண்டு, நனைந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ!" வாளியில் கிடந்த கப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஊத்தாதீங்க சார்."

"செத்துப் போகும்மா!"

"தொட்டியைத் தூக்குங்க."

தூக்கினார். "கனமாத்தான் இருக்கு."

"காலையில ஊத்தியிருக்கீங்கல்லா. தண்ணி உள்ள இருக்கு."

"பிறகு ஏன் வாடுது?"

"வெயில் தாங்கலை."

"இப்ப என்ன செய்ய?"

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு ஸ்டூல்கள் கிடந்தன. அவள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். "உட்காருங்க."

உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். மறுபடியும் கை கப்புக்குப் போனபோது, அவள் அதை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று மணிக்கு இலைகள் தொட்டியின் விளிம்பைத் தொட்டன.

"என்னால பாக்க முடியலைம்மா."

"பாருங்க சார்."

பார்த்தார். நாலரைக்கு எதிர்வீட்டுச் சுவரின் நிழல் மெதுவாக வந்து செடியின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் இலை அசைந்தது. காற்று என்று நினைத்தார். காற்று இல்லை. அந்த இலை நிமிர்ந்தது. அப்புறம் அதற்குக் கீழே இருந்தது. ஆறு மணிக்கெல்லாம் செடி, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நின்றது.

வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு புழங்கிய மனிதர். ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் ஒரு செடி எழுந்திருப்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, பார்க்க வேண்டிய காட்சிதான்.

ஜெபராணி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சொட்டு நீரே போடுங்க சார். உங்க படத்துல ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து ஓட்டையைக் குத்தி விடுதேன்."

படியிறங்கப் போனவளை அவர் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிம்மா. புனேக்குப் போய் நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவள் திரும்பி நின்றாள். "மத்தியானம் பூரா கத்தரிக்கு என்ன சார் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"டிக்கெட்டைப் போடுங்க சார்."