பதினோராவது வெள்ளிக்கிழமை

மடத்துப் படலைத் தள்ளிக்கொண்டு வந்த உண்ணாமுலை, கும்பிடுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

“குருவம்மா, அந்த மாரியாத்தாளுக்குக் கண் இருக்கா, இல்லையா?”

குருவம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“முதல்ல உட்காரு. இந்தக் கொத்தை உருவு.”

உண்ணாமுலை உட்கார்ந்தாள். குருவம்மாவிடம் உபதேசம் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. என்ன கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு வேலை வந்து சேரும் என்பது தெரிந்ததுதான். இன்று அதுவும் எரிச்சலாக இருந்தது.

அவள் மகள் மங்கைக்கு நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகு, மாப்பிள்ளை வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான் மங்கை. ஐந்து மாதமாகிறது. தலை வாருவதில்லை. தட்டில் போட்டு வைத்தால் இரண்டு வாய். வைக்காவிட்டால் அதுவும் இல்லை.

“பதினோரு வெள்ளி மாவிளக்கு போடறேன்னு வேண்டிக்கிட்டேன் இல்லையா?”

“என்ன கேட்டு வேண்டின?”

“பெரிசா என்ன கேட்டேன்? வேற மாப்பிள்ளையா கேட்டேன்? எம்பொண்ணு ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்கணும். பசிக்குதும்மான்னு அவளா கேட்டுச் சாப்பிடணும். அவ்வளவுதான். அதுக்குப் பத்து வெள்ளி, பச்சைத்தண்ணி பல்லுல படாம, கையால மாவு இடிச்சு, வெல்லம் சேர்த்து, நெய்த்திரி போட்டேன். நேத்து பதினோராவது. என்ன ஆச்சு தெரியுமா?”

“சொல்லு.”

“முற்றத்துல கோலம் போட்டு, இலையில மாவிளக்கை வச்சுட்டுத் தீப்பெட்டி எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்தா, ஆடு தின்னுட்டு நிக்குது!”

“எந்த ஆடு?”

“எங்க ஆடுதான், வேற எது? தாடியெல்லாம் நெய். வாயில திரி தொங்குது. விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு ஓடினேன். கிணத்தைச் சுத்தி அது முன்னால, நான் பின்னால. மூணாவது சுத்துல நின்னு, என்னைத் திரும்பிப் பார்த்து மேன்னு கேக்குது, குருவம்மா! நான் படற பாடு போதாதுன்னு இந்த மங்கை வேற எந்திரிச்சு வந்து, வாசப்படியில நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு...”

குருவம்மாவின் கை நின்றது.

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டு?”

“சிரிக்கிறா! சாமி காரியம் கெட்டுப்போச்சேன்னு நான் தலையில அடிச்சுக்கறேன், அவ கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறா. அதோட விட்டாளா? சட்டியில ஒட்டியிருந்த மாவை, இன்னும் படைக்காத மாவை, வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, ‘இன்னும் இருக்காம்மா’ங்கிறா. எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாறு ரெண்டு பேர் முதுகுலயும் விழுந்திருக்கணும்.”

குருவம்மா மறுபடியும் கீரைப் பக்கம் குனிந்தாள். ஒரு காம்பை மெதுவாக உருவினாள்.

“நானே கட்டின ஆடு அது. மூணு முடிச்சு போட்டேன். பத்து வெள்ளியும் அவிழாத கயிறு, நேத்துப் பார்த்து எப்படி அவிழ்ந்துச்சு? ஆத்தா என் விளக்கை ஏத்துக்கலைன்னுதானே அர்த்தம்? எம்பொண்ணைக் கைவிட்டுட்டாளா? நீங்க கீரைக்குள்ள தலையை விட்டுக்கிட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?”

குருவம்மா, உருவாமல் மீந்திருந்த கொத்துகளைச் சேர்த்து ஒரு நாரால் கட்டினாள். உண்ணாமுலையின் மடியில் வைத்தாள்.

“இதைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போடு.”

“அதுக்கா? அந்த மூதேவிக்கா?”

“நான் கொடுத்தேன்னு சொல்லு.”

உண்ணாமுலைக்கு அழுகையே வந்துவிட்டது.

“அது கிடக்கட்டும், குருவம்மா. விரதம் முறிஞ்சுபோச்சே. மறுபடியும் முதல் வெள்ளியிலேருந்து மாவிளக்கு போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டுமாவது வாயைத் திறந்து சொல்லுங்க.”

குருவம்மா எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டாள்.

“தாராளமாப் போடு. ஆட்டை மட்டும் கட்டாதே.”