கருவா மரத்தின் மூன்று மணம்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. மனிதர்களுக்குத்தான் காது குறைவு. தெற்கு மலைச்சரிவில் நின்ற கருவா மரத்துக்கு, பட்டை என்று நாம் குழம்பில் போடுகிறோமே அந்த மரத்துக்கு, கொழுந்திலிருந்து வேர் வரை ஒரே மணம்.

அங்கே வேலாண்டி என்பவன் மரங்களைக் கொப்பரையில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்து, வாசனை எண்ணெய் இறக்கி விற்றான். எந்த மரத்தில் எவ்வளவு மணம் என்று முகர்ந்து சொன்னது அவன் மனைவி சடைச்சி. பேர் மட்டும் அவனுக்கு. ஒருநாள் மழையில் சாய்ந்த கருவா மரத்தின் வேரை முகர்ந்தவள், "வேர்லயும் மணம் குறையலையே" என்று வியந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலாண்டி எந்தக் கருவாவையும் வெட்டவில்லை. வேரோடு பிடுங்கி மொத்தமாகக் கொப்பரையில் போட்டான். மூன்றே மழைக்காலத்தில் சரிவு மொட்டையாயிற்று. மிச்சம் ஒரே ஒரு கருவா.

அதையும் பிடுங்க, கடப்பாரைக்கு முனை அடிக்கக் கொல்லனிடம் போயிருந்தான் அவன். சடைச்சி மரத்தடிக்கு வந்து, எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று அழுதாள். மரம் அவளைத் தேற்றவில்லை.

"மணந்தது என் குற்றம், சொன்னது உன் குற்றம், பிடுங்கினவனுக்கு ஒன்றுமில்லை, அப்படித்தானே? அந்த வழக்கைப் பிறகு பேசலாம். என் வேரில் வேறு மணம் இருந்தால் அவன் தொடுவானா?"

சடைச்சி யோசித்தாள். கலப்பு மணமடிக்கும் எண்ணெயை எந்த வணிகனும் வாங்க மாட்டான்; இலைக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று மணம் மாறிவிட்டால் மரத்தை மொத்தமாக வேகவைக்க முடியாது. கிராம்பு மரத்திடம் போய் இலைக்கு அதன் மணத்தைக் கேட்டாள். தன் மொட்டைப் பறிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கருவாவின் இலைக்குப் போகட்டும் என்று அது சந்தோஷமாகவே கொடுத்தது. வேருக்குக் கேட்டபோது கற்பூர மரம் காரணமே கேட்கவில்லை. காற்றுக்கே வாரிக் கொடுக்கிற மரம் அது.

ஆனால் புது மணம் ஏறினால் அந்த இடத்தில் பழைய மணம் போய்விடும். சடைச்சிக்குக் கை வரவில்லை. "அப்புறம் நீ நீயா இருப்பியா?"

"பட்டையில் இருப்பேன். ஊற்று."

கிராம்புச் சாற்றை இலைகளில் தெளித்தாள். கற்பூர நீரை வேரில் ஊற்றினாள். மரம் குடித்தது.

வேலாண்டி வந்தான். இலையைக் கசக்கினால் கிராம்பு. வேரைச் சுரண்டினால் கற்பூரம். பட்டையில் மட்டும் கருவா.

"ஏட்டி, இது மரமா, பலசரக்குக் கடையா? வேர்லயும் அதே மணம்னு நீதானே சொன்னே?"

"அன்னைக்கு இருந்ததை அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கு இருக்கறதையும் கேட்டுக்கோங்க. மொத்தமாப் போட்டா மூணும் கெடும். தண்டை மட்டும் வெட்டுங்க."

மலையின் மறுசரிவு நிறையக் கற்பூர மரம் நிற்க, கற்பூரத்துக்காக வேரைத் தோண்ட அவனுக்கென்ன பைத்தியமா? முனகிக்கொண்டே தண்டை வெட்டினான். மரம் கத்தியது. சடைச்சி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அடுத்த மழையில் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து ஐந்து கொம்புகள் சிவந்த கொழுந்தோடு எழுந்தன.

அன்று முதல்தான் கருவாவின் இலை கிராம்பாகவும், வேர் கற்பூரமாகவும், பட்டை மட்டும் கருவாவாகவும் மணக்கின்றன. எவ்வளவு பெரிய ஆலைக்காரனும் இலையைத் தனியே, பட்டையைத் தனியே வேகவைத்துவிட்டு, வேரை மண்ணுக்கே விட்டுப் போகிறான்.