கருவாட்டுக்காரி தச்ச தவளை

யாருன்னு நான் பேர் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் கண்மாயில செவப்புக் குஞ்சு மிதக்குற இடமாப் பார்த்துத் தூண்டில் போட்டு, காவலுக்கு நின்ன விராலைத் தூக்கிட்டு வந்த ஆள் இந்த வீட்டுலதான் இருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு, தூங்குற மாதிரி குறட்டை வேற விடுது. மீன் இன்னும் சாகல. அடுப்படியில அண்டாவுக்குள்ள கிடந்து சளப்பு சளப்புன்னு அடிக்குது. காலையில குழம்பாம். பெத்தவன் இங்க அண்டாவுல, பிள்ளைக அங்க தண்ணியில. நல்லா இருக்கா நியாயம்?

“அப்பாவா அத்தை?”

நான் பேர் சொன்னேனா? நீ தலையை இப்படி மடியில வை. காலை நீட்டு. கதை சொல்றேன், ‘ம்’ கொட்டணும். நீ கொட்டாட்டி நிறுத்திருவேன். அந்தப் பக்கம் முழிச்சிருக்கிற காதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு கருவாட்டுக்காரி இருந்தா. பேரு மாயக்கா. தகப்பனும் கிடையாது, தாயும் கிடையாது. கூடப்பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி, செவனம்மா. கருவாட்டுக் கூடை தலையில, தங்கச்சி இடுப்புல, இப்படியே ஊர் ஊராக் கூவி வித்து அந்தப் பிள்ளையை ஆளாக்கினவ மாயக்கா. சந்தையில அவகிட்ட வாய் குடுத்து ஜெயிச்சவன் கிடையாது. அவளுக்குச் சட்டம் ஒண்ணே ஒண்ணு: காசு கைக்கு வராம சரக்கை இறக்காதே. அதை எவனும் அவளுக்குச் சொல்லித் தரல. ஏமாந்து ஏமாந்து, பட்டினி கிடந்து, தானாக் கத்துக்கிட்டது. கோபமா? அடேயப்பா! கடுகு வெடிக்கவாவது எண்ணெய் காயணும். இவளுக்கு அடுப்பே பத்த வைக்க வேணாம்.

ம் சொல்லு.

“ம்.”

அப்போ என்ன ஆச்சு, தங்கச்சி செவனம்மாவுக்குப் பிள்ளை பொறந்துச்சு. பிள்ளை நல்லா இருக்கு, தாய்தான் தேறல. கஞ்சி குடுத்தா கஞ்சி வெளிய வருது. எந்திரிச்சு உட்காரத் தெம்பில்ல. மார்ல பாலில்ல. பிள்ளை க்வா க்வான்னு கத்துது. மருத்துவச்சி வந்து பார்த்துட்டு, “மாயக்கா, உன் கூடையில இருக்கிறது எதுவும் ஆகாது. விரால் வேணும். உசுரோட பிடிச்ச விரால். அதைச் சாறு வச்சு ஊத்து. அது வயித்துல தங்குனா பொழைச்சுக்குவா”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

விராலுக்கு எங்க போறது? அந்த ஊர்க் கண்மாயில ஒரு வழக்கம். கோடையில தண்ணி வத்துனதும் ஊர்ப் பெரியவர் கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசுவார். அன்னிக்குத்தான் வலையும் கூடையுமா எல்லாரும் இறங்கலாம். அதுவரைக்கும் தூண்டில் மட்டுந்தான். சரி, தூண்டில்காரங்ககிட்டக் கேட்கலாம்னா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்பா? ஒருத்தனை விடாம சண்டை போட்டு வச்சிருக்காளே!

அப்படியும் போய்க் கேட்டா. “ஏன் ஆத்தா, உன் கருவாட்டைத் தண்ணியில ஊறப்போடு. உசுரு வந்தாலும் வரும்”னு சிரிச்சானுக.

“சிரிங்கடா சிரிங்க! மீனைப் பத்தி எனக்கா சொல்றீங்க?”ன்னு முந்தானையை இழுத்துச் சொருகினா மாயக்கா.

மீனெல்லாம் அவளுக்குத் தெரியும்தான். ஆனா அத்தனையும் செத்த மீனு. எதுத்துப் பேசாத மீனு.

அப்புறம், துணி காயப்போடுற மூங்கில் கம்பை உருவினா. முனையில தூண்டில் நரம்பைக் கட்டினா. மயிலிறகுக் காம்பை நறுக்கித் தக்கையாக் கோத்தா. அதுக்குக் கீழ முள்ளு, முள்ளுல மண்புழு. நேரா மதகுப் பக்கம் போனா. அங்க தாமரை இலை மூடின குழியில ஒரு கிழட்டு விரால் இருந்துச்சு. ஊரே அதை மதகடிக் கிழவன்னுதான் சொல்லும். உன் அப்பாவோட கை தண்டி இருப்பான். கரும்பச்சை முதுகு, பாம்புத் தலை. அந்த ஊர்த் தூண்டில்காரன் அத்தனை பேருக்கும் தண்ணி காட்டினவன். விரால்தான் மூச்சு வாங்க மேல வர்ற சாதியாச்சே, அவனும் வருவான். குபுக்! ஒரு காத்து முட்டை விடுவான், ஒரு வட்டம் விரியும், அவ்வளவுதான்.

மொத நாளு. தக்கை டிக்கு டிக்குன்னு ஆடுச்சு. விருட்டுன்னு தூக்கினா, விரல் நீளம் கெண்டைப் பொடி. மறுபடி போட்டா, மறுபடி கெண்டை. கிழவன் மேல வந்து குபுக்குன்னு மூச்சு விட்டான். இவளை ஒரு பார்வை பார்த்தான். போயிட்டான்.

“சிரிச்சானா அத்தை?”

மீசை இருந்தா முறுக்கியிருப்பான்.

ரெண்டாம் நாளு. விராலுக்குத் தவளைன்னா உசுரு. ஆனா மாயக்காவுக்கு இந்த உலகத்துல பயம்னு ஒண்ணு இருந்தா, அது தவளைதான். பாம்பைக் கையால தூக்கிப் போடுவா, தவளையைப் பார்த்தா அலறுவா. அதனால என்ன பண்ணினா தெரியுமா? தானே ஒரு தவளை தச்சா! பழைய பச்சை ரவிக்கையைக் கிழிச்சு உடம்பு, மிதக்கணும்னு உள்ள இலவம்பஞ்சு, கண்ணுக்கு ரெண்டு புளியங்கொட்டை, நைஞ்ச தாம்புக் கயித்தைப் பிரிச்சு நாலு காலு. முள்ளை முதுகோட படிய வச்சுத் தச்சா, கூர் மேல பார்த்து இருக்கிற மாதிரி. எதுக்கு? இலையில இழுத்தாலும் சிக்காது, மீன் வாயை மூடினாத்தான் குத்தும். எவ்வளவு மூளை பாரு அவளுக்கு! தச்சு முடிச்சுத் தரையில வச்சதும், அவளே ஒரு அடி பின்னால போனா. அப்படி இருந்துச்சு அந்தத் தவளை.

விசுக்குன்னு வீசினா. தொப்! தாமரை இலை மேல உட்கார்ந்துச்சு. மெதுவா இழுத்தா. தத்தக்கா, தத்தக்கா, இலை விட்டு இலை தாவுச்சு. ரெண்டு இலைக்கு நடுவுல தண்ணியில இறங்குச்சு பாரு...

ப்ளக்!

கிழவன் அடிச்சான். அடிச்ச மறு நொடி, நம்ம கோபக்காரி கம்பை வெடுக்குன்னு இழுத்தா. மீன் வரல. தவளை சொய்ங்குன்னு பறந்து வந்து அவ கொண்டையிலயே ஒட்டிக்கிச்சு! தான் தச்ச தவளைங்கிறது அந்த நேரத்துல ஞாபகம் இருக்குமா? “ஐயோ அம்மா”ன்னு கண்மாய்க் கரை முழுக்க ஓடினா. தூண்டில்காரனுக வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டானுக.

“ஹஹ்ஹா!”

மெதுவா. குறட்டை நின்னுருச்சு பார்த்தியா? கேட்குது, நல்லாக் கேட்குது.

அப்புறம் மூணாம் நாளு. விடிஞ்சதும் செவனம்மா கண்ணைத் திறக்கல. “அக்கா”ன்னு கூப்பிட உதடு அசைஞ்சுச்சு, சத்தம் வரல. மாயக்கா கம்பையும் கூடையையும் எடுத்துக்கிட்டு ஓடினா. போற வழியில கோரைப்புல்லு ஓரமா, குங்குமத்தைக் கொட்டின மாதிரி தண்ணி செவந்து கிடந்துச்சு. என்ன தெரியுமா? விரால் குஞ்சு. பொடிப்பொடியா, ஆயிரமாயிரம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மேல வந்து குமிழி விடுது, கீழ போகுது. அதுக்கு அடியில அப்பன் விரால் காவல் நிக்கும். பிள்ளைக தன்னால இரை தேடுற வரைக்கும் அதைத் தனியா விடாது. கூட்டத்துக்கு நடுவுல எதைப் போட்டாலும் பாய்ஞ்சு கடிக்கும். அதைப் பிடிக்கச் சாமர்த்தியமே வேணாம். வேணுமா? சில பேருக்கு அதுவும் பெருமை!

மாயக்கா யோசிக்கல. தவளையை வீசினா. தொப்! தடால்! ஒரே அடி, ஒரே இழுப்பு. மீன் கரையில. முழங்கை நீளம் இருந்துச்சு. தூக்கிக் கூடையில போட்டா.

அப்போ அந்த மீன் வாயைத் திறந்து பேசுச்சு.

“மீன் பேசுமா?”

மத்த மீன் பேசாது. விரால் காத்தைக் குடிச்சுப் பழகினது. கரையில கிடந்தாலும் மூச்சு இருக்கும். மூச்சு இருந்தாப் பேச்சு வராதா?

“ஏ கருவாட்டுக்காரி! எனக்குப் பசியே இல்ல. என் பிள்ளைக மேல என்னமோ விழுந்துச்சேன்னு கோபத்துல கடிச்சேன். இதுக்குப் பேரு மீன்பிடியா?”ன்னுச்சு.

“எனக்கு மட்டும் ஆசையா? என் தங்கச்சி சாகக் கிடக்கா. பேசாம கூடையில கிட.”

“சரி, அங்க மட்டும் ஒரு தடவை பாரு.”

பார்த்தா. செவப்புக் கூட்டம் தகப்பன் போன வழியே கரையோரத்துக்கு வந்து முட்டுது. மேல ஒரு மீன்கொத்தி, விச்சுக்! ஒரு வாய். கீழ ஒரு கெளுத்தி, லபக்! இன்னொரு வாய். கூட்டம் சிதறுது, எங்க போறதுன்னு தெரியாம மறுபடி சேருது.

“ஒரு வியாபாரம் பேசலாமா?”ன்னுச்சு விரால்.

அந்த வார்த்தையைக் கேட்டாப் போதுமே, மாயக்கா கம்பைக் கீழ வச்சுட்டா. “சொல்லு.”

“உனக்கு நான் வேணாம், மதகடிக் கிழவனைத் தர்றேன். உன் கூத்தைப் பார்த்துட்டு அவன் இடம் மாறிட்டான். இருக்கிற இடம் எனக்கு மட்டுந்தான் தெரியும். ராவானா என் பிள்ளைகளை வாய் வாயா முழுங்குறான் பாவி.”

“அப்ப முதல்ல இடத்தைக் காட்டு. அப்புறம் விடுறேன்.”

“கூடைக்குள்ள கிடந்துக்கிட்டு எப்படிக் காட்டுறது? முதல்ல விடு. அப்புறம் காட்டுறேன்.”

மாயக்காவுக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. கைக்கு வந்த மீனு. இதை விட்டு, இது ஏமாத்திட்டா? தங்கச்சி உசுரு போயிருமே! வாழ்க்கையில ஒரு தடவைகூடச் சரக்கை முன்னால இறக்கினவ இல்லையே அவ. கூடையைப் பார்த்தா, தண்ணியைப் பார்த்தா. அந்தக் குஞ்சுக முட்டி முட்டி நிக்கிறதைப் பார்த்ததும், சின்ன வயசுல தங்கச்சியை இடுப்புல வச்சுக்கிட்டு யார் வாசல்ல நிக்கிறதுன்னு தெரியாம நின்னது அவளுக்கு ஞாபகம் வந்துருச்சு.

முள்ளை மெதுவா, நோகாம எடுத்தா. “போ. ஏமாத்துனேன்னு வை, கண்மாயையே இறைச்சிருவேன்”னு சொல்லித் தண்ணியில விட்டா.

சளப்!

போயிருச்சு. குஞ்சுக பின்னாலயே போச்சு. தண்ணி அசையல. மாயக்கா நிக்கிறா, நிக்கிறா... ஒண்ணையும் காணோம். “கெட்டேனே! ஒரு மீன்கிட்டப் போய் ஏமாந்தேனே!”ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அப்போ, தூரத்துல, தண்ணிக்குள்ள சாய்ஞ்சு கிடந்த கருவ மரத்து நிழல்ல... குபுக். குபுக். குபுக். எந்த விராலும் ஒரே இடத்துல அடுத்தடுத்து மூணு முட்டை விடாது கண்ணு. சொன்ன சொல்லைக் காப்பாத்திருச்சு!

“ம்...”

தூக்கம் வருதா? இனிமேதான் இருக்கு.

மாயக்கா சும்மா வீசிறல. தவளையோட வயித்துத் தையலைப் பல்லால பிரிச்சா. மடியில இருந்த நெத்திலிக் கருவாட்டைக் கசக்கிப் பஞ்சுக்குள்ள திணிச்சா. துணின்னு தெரிஞ்சா மீன் துப்பிரும், நெத்திலி ருசிச்சாத் துப்புமா? இது எந்தத் தூண்டில்காரனுக்கும் தோணாது. மறுபடி தச்சா. விசுக்! தொப்! தத்தக்கா... தத்தக்கா...

ப்ளக்!

இழு இழுங்குது கோபம். அப்போதான் அவளுக்குச் சுரீர்னு பட்டுச்சு. அடியே மாயக்கா, இது முதல்ல கேட்கிற விலைடி! சந்தையில முதல்ல கேட்கிற விலைக்கு நீ என்னிக்காவது தலையாட்டியிருக்கியா? அவன் சரக்கை நாடி பார்க்கிறான். பார்க்கட்டும்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. நரம்பு மெல்ல மெல்ல நகர்ந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டு நடக்கிறவன் மாதிரி. போகட்டும், வேணாம்னு நடக்கிறவன்தான் திரும்பி வருவான். நரம்பு நின்னுச்சு. தொய்ஞ்சுச்சு. மூச்சையே விடல மாயக்கா. அப்புறம் விலுக்குன்னு இறுகுச்சு பாரு, முழுங்கிட்டான்!

“இப்ப வாடா”ன்னு இழுத்தா. கம்பு வில்லா வளைஞ்சுச்சு. கிழவன் மரத்து வேருக்குள்ள போகப் பார்த்தான். குதிகாலைச் சேத்துல ஊனி, பின்னாலயே நடந்து நடந்து கரை ஏறினா. தொபுக்கடீர்! மதகடிக் கிழவன் புல்லு மேல கிடந்தான்.

சிரிச்சவனுக எல்லாம் ஓடி வந்து மீனைச் சுத்தி நின்னானுக. ஒருத்தன் கிட்ட வந்து, “ஆத்தா, இந்தத் தவளையை எப்படித் தச்சே?”ன்னு மரியாதையாக் கேட்டான்.

“செவப்புக் குஞ்சு மிதக்குற இடத்துல முள்ளைப் போட மாட்டோம்னு எல்லாரும் இந்தத் தண்ணி மேல சத்தியம் பண்ணுங்கடா. தச்சுக் காட்டுறேன்”னா மாயக்கா. அத்தனை பேரும் பண்ணினாங்க. அன்னிக்கு இருந்து அந்தக் கண்மாயில அதுதான் வழக்கம்.

அப்புறம் செவனம்மா சாறு குடிச்சா. வயித்துல தங்குச்சு. எந்திரிச்சு உட்கார்ந்தா, பால் சுரந்துச்சு, பிள்ளை அழுகையை நிறுத்துச்சு. கண்மாயில குஞ்செல்லாம் செவப்பு மாறிக் கருத்து, தனித்தனியாப் பொழைக்கப் போச்சு. அதுவரைக்கும் அப்பன் விரால் அந்த இடத்தை விட்டு நகரல.

ம்?

...தூங்கிருச்சு. கதை கரை ஏறிருச்சு கண்ணு, நீ கண்ணை மூடி நிம்மதியாத் தூங்கு. இங்க ஒருத்தர் மட்டும் தூங்கக் கூடாது.

ஏய், கேட்குதா? நம்ம வீட்டுல யாரும் சாகக் கிடக்கல, நாக்கு ருசிக்குத்தானே தூக்கிட்டு வந்தே? எந்திரி. மீன் சளப்பு சளப்புன்னு அடிக்கிறது எனக்கு இங்க கேட்குது, உனக்குக் கேட்கலையா? அண்டாவைத் தூக்கு. கண்மாய் பக்கந்தான். எந்தக் கோரைப்புல்லு ஓரத்துல பிடிச்சியோ, அதே இடத்துல கொண்டு போய் விடு. தவளை மாதிரி முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காதே, எந்திரிடா!