மணி அடித்தால் ஓடுகிற மரம்

மொட்டப்பாறை என்கிற ஊரில் மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்தார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். செய்தார்கள்.

மூத்தவன் சடையப்பன். கூட்டாளிகள் அங்கப்பன், கொழந்தவேலு. மறுநாள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அந்த கேம் எல்லார் முன்னாலும் ஒழுங்காக நடக்க வேண்டும். நடக்காவிட்டால்? சடையப்பன் பெண்சாதி பூவாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "கம்ப்யூட்டரை வித்துப்போட்டு ஆடு மேய்க்கப் போங்க." நாலைந்து ஆடும் வாங்கிக் கட்டிவிட்டாள்.

சடையப்பனுக்கு ஆடு என்றால் பயம். அது ஒரு மாதிரி பார்க்கிறது என்பான்.

கேம் சின்னதுதான். ஒரு தோப்பு, அதில் ஒரு திருடன். விளையாடுகிறவர் வேலியில் இருக்கும் மூங்கில் கதவை, அதாவது படலைத் திறந்து உள்ளே போய் அவனைப் பிடிக்க வேண்டும். படலைத் திறந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் திருடன் ஓடுவான். மணிக்கும் திருடனுக்கும் அந்தத் தொடர்பை ஏற்படுத்தியது சடையப்பனேதான், சும்மா இருக்க முடியாமல். இப்போது படலைத் தொட்டாலே அவன் திரையை விட்டே ஓடிப்போகிறான். பிறகு யாரைப் பிடிப்பது?

சென்னையில் இதே வேலை பார்க்கும் மச்சினன் நாச்சிமுத்துவுக்கு போன் போட்டான்.

"மணி மேல அழுத்துங்க மச்சான். பக்கத்துல அதோட தொடர்பெல்லாம் வரும். திருடன் பேர் இருக்கறதை நீக்கிடுங்க. மணி அடிச்சது திருடனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

மூன்று மண்டையிலும் கடைசி வாக்கியம்தான் தங்கியது.

"தெரியக் கூடாதுன்னா காதுல பஞ்சு வெக்கோணும்" என்றான் அங்கப்பன்.

வைத்தார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்து திருடன் காதில் பஞ்சு வரைந்தார்கள். நல்ல பஞ்சு. மணி அடித்தது. பஞ்சோடு ஓடினான்.

"காது கேக்காதவன் எப்படிடா ஓடறான்?"

கொழந்தவேலு யோசித்தான். "பழக்கதோசம்."

மறுபடி போன். நாச்சிமுத்துவுக்குக் குரல் ஏறிவிட்டது. "தொடர்பை நீக்கச் சொன்னேன் மச்சான்! மணிக்கும் திருடனுக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்கக் கூடாது!"

பார்த்தார்கள். நடுவில் ஒரு கிணறு, ஒரு வைக்கோல்போர், ஒரு மாடு. மூன்றையும் எடுத்தார்கள். மாட்டை எடுக்கும்போது கொழந்தவேலு கண் கலங்கினான், கறவை மாடு என்று. படலைத் திறந்தார்கள். வழியில் இடைஞ்சல் ஏதும் இல்லாததால் திருடன் முன்னைவிட வேகமாக ஓடினான்.

"மணியையே எடுத்துரலாம்" என்றான் சடையப்பன். எடுத்தான். கேம் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஒரு வரி: மணியைக் காணவில்லை.

மூவரும் திரையோரம் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"காணமா? தோப்புல இருக்கறது ஒருத்தன்தானே" என்றான் அங்கப்பன் மெதுவாக. "அவன் தொழில் என்ன?"

திருடனைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு அமுக்கமா நிக்கறான் பாரு!"

சடையப்பன் பதறிப்போய், கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினான். மணி வந்துவிட்டது, பழைய தொடர்போடு.

"பயந்து போய் வெச்சுட்டான்" என்றான் கொழந்தவேலு. "ஆனா உடக் கூடாது. திருடனைப் பிடிச்சா ஊர்ல என்ன பண்ணுவோம்?"

"மரத்துல கட்டுவோம்."

தோப்பில் ஒரு தென்னை இருந்தது. திருடனை மரத்தோடு சேர்ப்பதற்குப் பதில் மரத்தைத் திருடனோடு சேர்த்தார்கள். எல்லாம் ஒன்றுதானே. கட்டிப்போட்டவனை எதற்குச் சோதித்துப் பார்ப்பது என்று சாப்பிடப் போனார்கள்.

ஆண்டு விழா. தலைமையாசிரியை படலைத் திறந்தார். மணி அடித்தது. திருடன் ஓடினான். தென்னை மரமும் ஓடியது, குலையோடு.

பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் கைதட்டினார்கள். பூவாத்தாள் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டியை எடுத்துச் சடையப்பன் கையில் கொடுத்தாள்.

"கழுத்துல மணி கட்டின கெடா இருக்குதில்லீங்க, அதை மட்டும் வரப்போரத் தென்னையில கட்டுங்க. மத்ததெல்லாம் அதைச் சுத்தியே மேயும். இதையாவது உருப்படியாச் செய்ங்க."

மறுநாள் காலையில் கூட்டாளிகளோடு போய்ச் செய்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனாலும் கட்டிவிட்டான். கெடா ஒரு மாதிரி பார்த்தது. தலையை ஆட்டியது.

மணி அடித்தது.

சடையப்பன் தொரட்டியைக் கீழே போட்டான். பாய்ந்து தென்னையைக் கட்டிப்பிடித்தான். "டேய், ஓடியாங்கடா! கெளம்பிரும் போல இருக்குது!"

அங்கப்பன் ஒரு பக்கம், கொழந்தவேலு ஒரு பக்கம். மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்கள். கெடா கயிற்றை உருவிக்கொண்டு அடுத்தவன் சோளக்காட்டுக்குள் போனது. மற்ற ஆடுகளும் பின்னாலேயே போயின. ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பூவாத்தாள் வந்து நின்றாள். "ஏனுங், ஆடெல்லாம் எங்கீங்?"

"ஆடு கெடக்குது உடு பூவாத்தா" என்றான் சடையப்பன், மூச்சு வாங்க. "காலையில இருந்து மரத்தை ஓரடி நகர உட்டமா, பாரு!"

மரத்துக்கு மறுபக்கமிருந்து அங்கப்பன் தலையை நீட்டினான். "கொஞ்சம் பஞ்சு மட்டும் கொண்டாங்க அக்கா. இதுக்குக் காது எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டோம்."