கழுத்தை யார் கூப்பிட்டது?

காசிராஜனுக்குக் கழுத்தில் வலி. அதைவிடப் பெரிய வலி, அதற்கு வழி சொல்பவர் தன் மகளைவிட இளையவர் என்பது.

அவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் இன்றும் எல்லோருக்கும் அவர் கார்டு சார்தான். ஓய்வு பெற்ற கார்டுகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. தான் பச்சைக் கொடி காட்டாவிட்டால் உலகம் நகராது என்று நம்புவார்கள். காசிராஜனுக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

செண்பகவல்லி பிசியோதெரபி படித்தவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை வைத்திருந்தார். உள்ளே ஒரு கட்டில், சுவரில் ஒரு கம்பி, கம்பியில் பல நிறங்களில் ரப்பர் பட்டைகள். ஊரே அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டது. காசிராஜன் மட்டும் டீச்சர் என்றார். ஊசி போடாதவரை டாக்டர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவர் அங்கே சேர்ந்ததற்குக் காரணம் கழுத்து அல்ல, மனைவி சுப்புத்தாய்.

சுப்புத்தாய்க்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் காசிராஜன்தான் அவரைத் தூக்கி மாற்றுவார். பக்கத்து வீட்டு அம்மாள் கை கொடுக்க வந்தால், "நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிடுவார். ஒரு நாள் தூக்கும்போது அவருக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. இருவருமாகத் தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள். பால்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

மகள் கோமதிக்குப் பெங்களூரில் வேலை. விஷயம் தெரிந்ததும் மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டாள்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா. நீங்க ஒருத்தரா அம்மாவை நாற்காலியில உக்கார வச்சுக் காட்டுங்க. அந்த இடம் வேண்டாம்னு சொல்லிடறேன். முடியலைன்னா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மகள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் காசிராஜனைச் சுட்டது.

உடம்பில் பலம் ஏற்ற வேண்டும் என்று டீச்சரிடம் வந்து சேர்ந்தார். செண்பகவல்லி ஒரு மஞ்சள் ரப்பரைக் கொடுத்தார். இருப்பதிலேயே மெல்லியது. காசிராஜன் அதை விரலால் நீட்டிப் பார்த்தார்.

"எங்க பேத்தி சடையில போடுதது இதைவிட முறுக்கா இருக்கும் டீச்சர்."

மறுநாளே கடைக்குப் போய் கறுப்பு ரப்பர் ஒன்று வாங்கினார். கடையில் அதைவிடத் தடிமனாக எதுவும் இல்லை. அதை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தார். ஒரு வாரத்தில், கூப்பிட்ட குரலுக்கு உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டியதாகிவிட்டது.

"டீச்சர், இந்த ரப்பர் கழுத்தைப் பிடிக்கு" என்று வந்து நின்றார்.

"எந்த ரப்பர்?"

காசிராஜன் பைக்குள்ளிருந்து கறுப்பை எடுத்தார். செண்பகவல்லி திட்டவில்லை. அதை வாங்கிச் சுவர்க் கம்பியில் மாட்டினார். காசிராஜனின் பின்னால் போய் நின்று இரண்டு தோளிலும் ஒவ்வொரு விரலை வைத்தார்.

"இழுங்க சார்."

இழுத்தார். ரப்பர் பாதி தூரம்தான் வந்தது. அதற்குள் பல் கடிபட்டது, மோவாய் முன்னால் நீண்டது, மூச்சு நின்றது. தோளில் இருந்த விரல்கள் இரண்டும் காதைத் தொட்டுவிட்டன.

"நான் எதை வேலை செய்யச் சொன்னேன்?"

"கையை."

"கழுத்தை யார் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடலை. அதுவா வருது."

"ஏன் வருது?"

"கையால ஆகலைன்னா யாராவது செய்யணும்லா?"

செண்பகவல்லி முன்னால் வந்து நின்றார்.

"கழுத்துக்கு என்ன வேலை சார்?"

"தலையைத் தாங்கணும்."

"அது பத்தாதா?"

டீச்சர் கறுப்பு ரப்பரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மஞ்சளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"தோள் கீழ இருக்கட்டும். மோவாயை உள்ள வாங்கிக்கோங்க. மூச்சை விட்டுக்கிட்டே முழங்கையைப் பின்னால கொண்டு போங்க. கழுத்து வேலைக்கு வந்தா நிறுத்திடுங்க."

"இதுல என்ன பலம் வந்துரும்?"

"வர வேண்டிய இடத்துல வரும்."

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ரயில்வேயில் இருந்தவர், சொன்ன விதியை மீற மாட்டார். ஒரு தரம் மீறியதற்கே கழுத்து போய்விட்டது. வீட்டில் ரப்பரை இழுக்கும்போதெல்லாம் "கீழ, கீழ" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார்.

"இங்க செய்யும்போது வலிக்கலை. வீட்டுல செஞ்சா வலிக்கு. ரப்பர் அதேதான், நானும் அதே ஆளுதான். ஏன் டீச்சர்?"

"சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்."

வந்தார். ரப்பர் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. இடப்பக்கம் சுவரோரமாகக் கட்டில். தலையணைகளில் சாய்ந்தபடி சுப்புத்தாய் இருந்தார்.

"எப்பவும் போலச் செய்யுங்க சார்."

செய்தார். தோள் கீழேதான் இருந்தது. பல் கடிக்கவில்லை. மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் முகம் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் தலை இடப்பக்கம் திரும்பிக் கட்டிலிலேயே நின்றது.

"யாரைப் பாக்கிறீங்க?"

"அவளைத்தான்."

"எதுக்கு?"

காசிராஜன் ரப்பரைத் தளர விட்டார்.

"அவளுக்கு வாதம் வந்த அன்னிக்கு நான் இந்த ஜன்னல் பக்கம் பாத்து உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்புனேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நான் வேற பக்கம் பாக்குததில்ல டீச்சர். மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

செண்பகவல்லி வலியை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கப் படித்தவர்தான். இந்த வலி அவர் படித்த பாடத்தில் இல்லை.

"வண்டியில நீங்க எங்க இருப்பீங்க சார்?" என்றார் கடைசியில்.

"கடைசிப் பெட்டியில."

"எஞ்சின் கண்ணுக்குத் தெரியுமா?"

"வளைவுல தெரியும். நேர்ப் பாதையில எங்க தெரிய?"

"அப்ப முன்னால எஞ்சின் இழுக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுவீங்க?"

"அது தெரியும்லா. இழுப்பு ஒவ்வொரு கொக்கியா வந்து நம்ம காலுக்கடியில சேரும்."

டீச்சர் ஜன்னலிலிருந்து ரப்பரை அவிழ்த்தார். கட்டிலருகே போய்ச் சுப்புத்தாயின் இடது கையில் ஒரு முனையை வைத்தார்.

"அம்மா, இதைப் பிடிச்சுக்கிறீங்களா?"

"அவளால முடியாது டீச்சர்" என்றார் காசிராஜன்.

சுப்புத்தாயின் விரல்கள் மூடிக்கொண்டன.

"நாற்காலியை இழுத்து அவங்களுக்கு நேரா உக்காருங்க சார். மத்த முனையைப் பிடிங்க. இப்ப கண்ணை மூடுங்க."

"கண்ணையா?"

"ஆமா."

மூடினார். மெல்ல இழுத்தார். ரப்பர் விறைத்தது. அவர் நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு குழந்தை வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கிற அளவுதான். அவர் காத்திருந்தார். மறுபடி வந்தது.

இத்தனை நாளாக அந்த உடம்பை அவர் குளிப்பாட்டியிருக்கிறார், புரட்டியிருக்கிறார், தூக்கியிருக்கிறார். அது தன்னைத் திருப்பி இழுக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகையை அடக்கியதில் தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

"கீ... ழ."

காசிராஜன் கண்ணைத் திறந்தார். சுப்புத்தாய் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ" என்றார் மறுபடியும்.

வாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. காசிராஜன் தோளை இறக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்துச் செண்பகவல்லி, "இப்ப அம்மாவை நாற்காலிக்கு மாத்துங்க. எப்பவும் எப்படித் தூக்குவீங்களோ அப்படி" என்றார்.

காசிராஜன் கட்டிலருகே குனிந்தார். மனைவியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் கோத்தார்.

"நில்லுங்க சார்."

டீச்சர் வந்து அந்தக் கைகளைக் கழுத்திலிருந்து எடுத்தார். சக்கர நாற்காலியைச் சுப்புத்தாயின் இடப்பக்கம் கொண்டுவந்து சக்கரங்களைப் பூட்டினார். அவரை எழுப்பிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, இடது கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். இடது பாதத்தைத் தரையில் பதித்தார். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை இறுகக் கட்டி, "நீங்க இதை மட்டும் பிடிச்சுக்கோங்க" என்றார்.

"கழுத்தை விட்டுட்டா விழுந்திருவா டீச்சர்."

"கேட்டீங்களா?"

"யாரை?"

செண்பகவல்லி சுப்புத்தாயைக் கண்ணால் காட்டினார்.

காசிராஜன் மனைவியின் பக்கம் திரும்பினார். படு, குடி, முழுங்கு, பயப்படாத. இவ்வளவு நாளும் அவர் சுப்புத்தாயிடம் பேசியது இவ்வளவுதான். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பதில் வராது என்று தெரிந்த இடத்தில் யார்தான் கேட்பார்கள்?

"சுப்பு," என்றார். "எந்திரிக்கியா?"

அன்றைக்கு எழவில்லை. கட்டிலை விட்டு ஒரு விரற்கடை உயர்ந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். டீச்சர் போகும்போது, "நாளைக்கும் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். டீச்சர் வேலை முடிந்து போகிற வழியில் வந்து பக்கத்தில் நின்றார். பக்கத்து வீட்டு அம்மாளும் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவரை யாரும் போகச் சொல்லவில்லை.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. கோமதி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஓடிப்போய்ப் பிடிக்கத் தயாராக ஒரு கால் முன்னால் இருந்தது.

காசிராஜன் நாற்காலியைப் பூட்டினார், துண்டைக் கட்டினார். கழுத்தைக் கொடுக்கவில்லை.

"சுப்பு, எந்திரிக்கியா?"

இடது கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. இடது கால் ஊன்றியது. உடம்பெல்லாம் நடுங்க சுப்புத்தாய் எழுந்தார். பாதி வழியில் காசிராஜனின் தோள் தன்னையறியாமல் மேலே ஏறியது.

"கீழ" என்றார் சுப்புத்தாய், நின்றபடியே.

அவர் தோளை இறக்கினார். சுப்புத்தாய் மெல்லத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோமதி அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் மதுரைக்குப் போன் போட்டு அந்த இடம் வேண்டாம் என்று சொன்னாள். அப்புறம் அப்பாவிடம் வந்தாள்.

"கழுத்து வலிக்கலையாப்பா? அம்மாவைத் தூக்கினீங்களே."

"நான் எங்க தூக்குனேன்? அவள்லா எந்திரிச்சா."

மறுநாள் காசிராஜன் டீச்சரிடம் வந்தார். நடந்ததைச் சொன்னார். கறுப்பு ரப்பரைப் பற்றிக் கேட்கவில்லை. போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வலிக்குதா சார்?"

"வலி இல்ல. பயம்தான் இருக்கு." தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரப்பர் கையில இருக்கையில அவ இழுக்குதது தெரியுது. கீழ வச்சதும் பயம் வந்துருது. நான் கடைக்குப் போவேன், கண் அசருவேன். அந்த நேரம் பாத்து அவளுக்கு மறுபடி வந்துட்டா?"

வராது என்று டீச்சர் சொல்வார் என எதிர்பார்த்துத்தான் காசிராஜன் கேட்டார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

செண்பகவல்லி ரப்பர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வரலாம் சார்" என்றார்.

காசிராஜன் நிமிர்ந்தார்.

"அப்ப நான் பாத்துக்கிட்டே இருக்கணும்லா டீச்சர்?"

டீச்சர் ரப்பர்களை வைத்துவிட்டு எழுந்து வந்தார். முன்பு போலவே அவர் பின்னால் நின்று, இரண்டு தோளிலும் ஒவ்வொரு விரலை வைத்தார். தோள்கள் காதருகே இருந்தன. விரல்களை அழுத்தவில்லை. வெளியே பேருந்து ஒன்று கிளம்பிப் போகும்வரை அப்படியே காத்திருந்தார். தோள்கள் மெல்ல இறங்கின.

"அம்மா கூப்பிடும்போது திரும்ப உங்களுக்கு ஒரு கழுத்து வேணும் சார். அதுவரைக்கும் அதைச் சும்மா விடுங்க."