வலப்பக்கம் உட்காராதீர்கள்

வெண்ணாவல்பேட்டை கலைக் கல்லூரியில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அது கணிதத் துறையின் கணினி அறை. துறைத் தலைவர் சிற்றம்பலமும், அவருக்குக் கீழே இருதயராஜ், தைலாம்பாள், வேலப்பன் ஆகிய மூன்று ஆசிரியர்களும் காலையில் அதற்குள் புகுந்தால் மாலையில்தான் வெளியே தலை காட்டுவார்கள். உள்ளே கணிதம் நடந்ததா என்பது வேறு விஷயம். குளிர் நன்றாக இருந்தது.

அந்தக் குளிருக்குத்தான் ஆபத்து வந்தது. கேட்டரிங் துறைக்கு கேக் அடுப்பு வைக்க இடம் வேண்டுமாம். முதல்வர் நால்வரையும் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, புதிதாக வாங்கிய கணித மென்பொருளில் வகையிடும் கட்டளைகளால் ஆன இரண்டு அணிகளைப் பெருக்கிக் காட்டுங்கள், குழு நல்ல மதிப்பெண் போட்டால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் அடுப்புக்கு என்று சொல்லி அனுப்பினார்.

அணி என்றால் கட்டம் கட்டமாக எண்களை அடுக்கி வைப்பது. இங்கே எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும் 'வலப்பக்கம் வருவதை வகையிடு' என்று ஒரு கட்டளை உட்கார்ந்திருக்கும். வகையிடுவது என்றால், ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது. மாறாத எண்ணை வகையிட்டால் பூஜ்ஜியம். பிளஸ் டூ பையனுக்கும் இது தெரியும். நம்மவர்களுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் வேண்டிய நேரத்தில் மறந்து வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

வேலப்பன் கட்டளைகளைத் தட்டினார். வலப்பக்கம் ஒன்றுமில்லையே என்று மென்பொருள் புகார் செய்தது. அதற்குப் பசி என்று நால்வரும் முடிவு செய்து ஐந்து என்ற எண்ணைக் கொடுத்தார்கள். பூஜ்ஜியம் வந்தது. ஆயிரம் கொடுத்தார்கள், அதற்கும் பூஜ்ஜியம்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டா எப்படி சார்?" என்றார் இருதயராஜ்.

அன்று முழுக்கப் பெரிய பெரிய எண்களாகத் தட்டினார்கள். ஒன்பதாம் எண் பொத்தான் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் வேறு வழியில்லாமல், வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காத வழிகாட்டிப் புத்தகத்தைத் தைலாம்பாள் பிரித்தார்.

'கட்டளைக்கு இப்போதே எதையும் கொடுக்காதீர்கள். செயல்படவிடாமல் அப்படியே பிடித்து வைத்து, முதலில் அணிகளைப் பெருக்குங்கள். இறுதியில் கட்டளை தன் வலப்பக்கம் உள்ள எல்லாவற்றின் மீதும் செயல்படும். இடப்பக்கம் உள்ளதைத் தொடாது' என்று போட்டிருந்தது.

அப்படியே செய்தார்கள். செய்தது சரியாகவும் வந்துவிட்டது. கட்டளைகள் சமர்த்தாகக் கட்டத்துக்குள் நின்றன. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வேலப்பன் அந்தக் கடைசி வரிகளை மறுபடி படித்துவிட்டு, திரைக்கு வலப்பக்கம் யார் இருக்கிறார் என்று பார்த்தார். துறைத் தலைவர் இருந்தார்.

"சார், நீங்க மாறுவீங்களா?"

"என்னப்பா கேள்வி இது?"

"வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதின நோட்ஸைத்தான் சார் இன்னிக்கும் வாசிக்கிறீங்க. நடுவுல சொல்ற ஜோக்கு கூட அதே இடத்துலதான் வருது."

"ஆமா, ஒரு எழுத்து மாத்தினதில்ல" என்று பெருமையாகச் சொன்ன சிற்றம்பலத்துக்கு முகம் வெளுத்தது. "அப்படின்னா நானு…"

"பூஜ்ஜியம் சார்" என்றார் தைலாம்பாள், துக்க வீட்டுக் குரலில்.

சிற்றம்பலம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். தங்கள் நோட்ஸும் அவர் நோட்ஸைப் பார்த்து எழுதியதுதான் என்பது மற்ற மூவருக்கும் ஞாபகம் வந்தது. அவர்களும் ஓடினார்கள்.

திங்கட்கிழமை குழுவின் சார்பில் அதன் தலைவர் வைத்தியலிங்கம் மட்டும் வந்தார். இடப்பக்கம் நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாமே என்றார். என்டர் பொத்தானுக்குப் போன வேலப்பனின் விரல் பாதியில் நின்றது.

இருதயராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்க மாறக்கூடியவரா?"

"என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?" என்று நிமிர்ந்தார் வைத்தியலிங்கம். "சேர்ந்த நாள்லேருந்து ஒரே கொள்கை. தலையே போனாலும் மாற மாட்டேன்."

நால்வரும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து, நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். இடப்பக்கம் இடமில்லை. அதையும் தாண்டி வாசல்தான் இருந்தது. வெளியே வெயிலில் இறக்கி வைத்து, பத்திரமாக இருங்கள் ஐயா என்று கதவைத் தாழிட்டுவிட்டு வந்து என்டரைத் தட்டினார்கள். பெருக்கல் அப்பழுக்கில்லாமல் வந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த வாரமே அறிக்கை வந்தது. கணிதத் துறைக்கு நேராகப் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தது. கேக் அடுப்பு அறைக்குள் போயிற்று. முதல்வர் கத்திய கத்தலில் ஆய்வகத்துத் தவளைகள்கூட அடங்கிப்போயின. ஆனால் சிற்றம்பலம் அந்த அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களாப்பா? தூக்கப் போனப்ப நாமளும் வலப்பக்கம் ஒரு நிமிஷம் நின்னோமில்ல, பட்டுடுச்சு. மெஷின் வேலை செஞ்சிருக்கு. துறைக்கு விடை சரியா வந்திருக்கு."

மூவரும் கை தட்டினார்கள். வெற்றியைக் கொண்டாட, பறிபோன அதே அறையில், அதே அடுப்பில், பூஜ்ஜியம் போட்ட கேக் ஒன்று செய்யச் சொன்னார்கள். கேக் வந்ததும் நால்வரும் அதற்கு இடப்பக்கமாகப் போய் வரிசையாக நின்றுகொண்டு, ஒரு நீளக் குச்சியால் வெட்டினார்கள்.