இருமுறை விழுந்த காரை

குன்றையூரை ஆண்ட கோதண்டபூபதிக்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும். பசித்தால் சோறு வெந்ததா என்று கேட்க மாட்டார், இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கார்த்திகையில் சம்பந்தி ராஜா வருகிறார். அரண்மனையின் முன்சுவரோ பார்க்கச் சகிக்கவில்லை. தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை உப்புப் பூத்து வெடித்திருந்தது. மேலே மாடியில் மழைநீர் வடியும் தூம்பு உடைந்து, ஒழுகிய தண்ணீரில் சுவரே ஊறிக் கிடந்தது.

ராஜா கொத்தனார் ஒச்சையனை அழைத்தார்.

"பழசைக் கொத்திக்கொண்டு நிற்காதே, தூசி பறக்கும். அதன் மேலேயே புதுக் காரையைப் பூசு. மூன்றே நாளில் வெள்ளையும் அடித்துவிடு."

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒச்சையன் சுவரைப் பார்த்தான். ராஜாவைப் பார்த்தான். "சரிங்க மகாராஜா" என்றான்.

பூசினான். சுவர் பளபளத்தது. ஒரு வாரம் தாங்கவில்லை, பொத்தென்று விழுந்தது. ராஜா மறுபடி அப்படியே பூசச் சொன்னார். மறுபடி "சரிங்க மகாராஜா". இரண்டாம் தடவை அது பட்டத்து யானையின் முதுகில் விழுந்தது. மிரண்ட யானை கடைவீதிவரை ஓடி, அங்கே தொங்கிய வாழைத்தார்களைத் தின்றுவிட்டுத்தான் வீடு திரும்பியது. ஊரே சிரித்தது. காரை விழுந்ததைக்கூட ராஜா பொறுத்துக்கொண்டிருப்பார், இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"வேலை தெரியாதவன் என் ஊரில் இருக்கக் கூடாது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு" என்று சொல்லிவிட்டார்.

ஒச்சையன் நேராக அரசவை விகடகவி உலகப்பனிடம் ஓடினான். ராஜாவிடம் வாயாடிவிட்டும் உருப்படியாக வீடு திரும்பக்கூடியவர் அந்தச் சபையில் உலகப்பன் ஒருவர்தான்.

"பழைய காரை மேல பூசினா நிக்காதுன்னு உனக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டார் உலகப்பன்.

"தெரியுங்கய்யா. என் வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குக்கூட அப்படிப் பூச மாட்டேன்."

"அதை ராஜாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்லுவீங்களாய்யா?"

உலகப்பன் தலையைச் சொறிந்தார். கேள்வி நியாயமானதுதான்.

"சரி போ. சாமானை மூட்டை கட்டாதே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். காலையிலேயே உலகப்பன் போய், குளிப்பாட்டும் பொன்னனின் காதில் ஏதோ ஓதினார். பொன்னன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தான். "பழி முழுக்க என்னோடது" என்று தைரியம் சொல்லிவிட்டு உலகப்பன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் வழிய, ராஜா கண்ணை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். அடுத்து வெந்நீர் வரும், சீயக்காய் வரும் என்று காத்திருந்தார். மார்பில் ஜில்லென்று ஏதோ பட்டது. சந்தனம். பொன்னன் கிண்ணம் கிண்ணமாக அப்பினான். அது நெஞ்சிலிருந்து தொந்திக்கு வழுக்கி, தொந்தியிலிருந்து மடிக்கு இறங்கியது. அவன் அதையே அள்ளி மறுபடி அப்பினான். மறுபடி இறங்கியது. கடைசியில் கல்யாணத்துக்கென்று நெய்த வெண்பட்டை எடுத்து அதன் மேலேயே போர்த்திவிட்டான்.

ராஜா கண்ணைத் திறந்தார். பட்டு பாழாகியிருந்தது.

"அடேய், எண்ணெயை எடுக்காமல் சந்தனம் பூசினால் நிற்குமா? குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, அப்புறமல்லவா பூச வேண்டும்? பூசினது காய்வதற்குள் பட்டை வேறு போர்த்துகிறாயே. வேலை தெரியாதவனே, நீயும் அந்தக் கொத்தனாரோடு கிளம்பு."

உலகப்பன் உள்ளே வந்தார்.

"இவனுக்கு வேலை நன்றாகத் தெரியும், மகாராஜா. இத்தனை வருஷமாக இவன்தானே உங்களைக் குளிப்பாட்டுகிறான்? இன்றைக்கு இப்படிச் செய் என்று உத்தரவு வந்தது. செய்தான்."

"உத்தரவா? அப்படியென்றால் இவனை எதற்கு விரட்ட வேண்டும்? உத்தரவு போட்டவனை அல்லவா விரட்ட வேண்டும்."

"இதுதான் தீர்ப்பா? பிறகு மாற்ற மாட்டீர்களே?"

"மாட்டேன். போட்டவன் யார், சொல்."

"சந்தனத்துக்குப் போட்டவன் நான், மகாராஜா."

"சந்தனத்துக்கு நீ என்றால், வேறு எதற்கு யார்?"

"காரைக்கு..." என்று இழுத்து, உலகப்பன் பணிவாகக் கைகூப்பினார். "ஆக, நாம் இரண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான். ஒரே வண்டி போதுமா மகாராஜா, தனித்தனியாகப் பூட்டச் சொல்லட்டுமா?"

ராஜா மடியில் குவிந்து கிடந்த சந்தனத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது, உதடு துடித்தது, பிறகு தொந்தி குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்த சிரிப்பில் உடம்பில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனமும் கீழே இறங்கியது.

குளித்துவிட்டு வந்து ஒச்சையனை வரவழைத்தார்.

"என்ன செய்ய வேண்டும், நீயே சொல்."

"மொதல்ல தூம்பைச் சரிபண்ணி ஒழுகலை நிறுத்தணுங்க. அப்புறம் செங்கல் தெரியுறவரைக்கும் பழசைக் கொத்தணும். மழை விட்டுச் சுவர் காயணும். பூசின பிறகும் தெனம் தண்ணி தெளிச்சு, பதமா இறுக விடணும். வெள்ளை கடைசியிலதாங்க."

"கல்யாணத்துக்குள் முடியுமா?"

பழக்க தோஷம், ஒச்சையனின் வாய் தானாகவே "சரிங்க" என்று தொடங்கியது. உலகப்பன் பலமாக இருமினார்.

"சரிங்... முடியாதுங்க மகாராஜா. தை மாசம் ஆகும்."

ராஜா தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.

"இந்த அரண்மனையில் என்னிடம் முடியாது என்று சொன்ன முதல் ஆள் நீதான். சம்பந்தி வெறும் செங்கல்லையே பார்க்கட்டும். காரை அவர் தலையில் விழுவதற்கு அது எவ்வளவோ தேவலை."

உலகப்பன் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒன்றும் இல்லையா, மகாராஜா?"

"இல்லாமலா? நீ கேட்ட வண்டி, ஜோடி மாட்டோடு. ஆனால் அதில் ஏறி ஊரை விட்டு மட்டும் போய்விடாதே. நாளைக்கே நான் இப்படி இன்னோர் உத்தரவு போடுவேன், அப்போது நீ வேண்டும்."